மரங்களுக்கு வந்த கொள்ளை நோய்... ஆம்ஸ்டர்டாமின் நிழலைக் காப்பாற்றக் களமிறங்கிய யோஹன்னா வெஸ்டர்டைக்!

ஆம்ஸ்டர்டாமுக்கு நீங்கள் நேரில் போயிருக்க வேண்டும் என்றில்லை. இன்ஸ்டா ரீல்ஸில் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். வளைந்து போகும் கால்வாய், அதில் மெதுவாக நகரும் படகு, பாலத்துக் கம்பியில் சாய்த்து வைத்த சைக்கிள், கரையோரம் வரிசையாக நிற்கும் உயரமான மரங்கள். அடுத்த முறை அப்படி ஒரு வீடியோ வந்தால் சைக்கிளை விட்டுவிட்டு மரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அது எல்ம் மரமாகத்தான் இருக்கும்.

நம்ம ஊர்ப் பக்கம் ஆயா மரம் என்று ஒன்று உண்டு. காசு மாதிரி வட்டமான மெல்லிய இறகுக்கு நடுவில் விதை வைத்து, காற்றில் பறக்கவிடுமே, அதுவும் எல்ம் குடும்பம்தான். ஆம்ஸ்டர்டாம் எல்ம்களும் வசந்த காலத்தில் அப்படித்தான் விதையை உதிர்க்கும். தெரு, படகு, காபிக் கடை மேஜை எல்லாவற்றின் மீதும் வெளிறிய பச்சையில் விதை கொட்டிக் கிடக்கும். பனி பெய்த மாதிரி இருப்பதால் அந்த ஊர்க்காரர்கள் அதை வசந்தப் பனி என்றே கொண்டாடுகிறார்கள்.

சரியாக நூறு வருடத்துக்கு முன்னால் இந்த மரங்கள் கும்பல் கும்பலாகச் செத்துக்கொண்டிருந்தன. ஏன் சாகின்றன என்று யாருக்கும் புரியவில்லை. அதைக் கண்டுபிடித்தது ஒரு சின்ன ஊரில் இருந்த ஆய்வுக்கூடம். அதன் தலைவர் ஒரு பெண். களத்தில் இறங்கி வேலை பார்த்தவர்களிலும் நிறைய பேர் இருபதுகளில் இருந்த பெண்கள். அந்தத் தலைவரின் கதைதான் இது. பெயர், யோஹன்னா வெஸ்டர்டைக். நெருங்கியவர்களுக்கு ஹான்ஸ். ஆமாம், அது ஆண்கள் வைத்துக்கொள்கிற பெயர்தான்!

பியானோ போச்சு, பூஞ்சை வந்தது

1883 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஊரில் பிறந்தவர் யோஹன்னா. அப்பா டாக்டர். சின்ன வயதில் அவருக்கு இருந்த ஆசை ஆராய்ச்சி இல்லை, பியானோ. ஆனால் கையில் நரம்புக் கோளாறு வந்து, மேடை ஏறி வாசிக்கிற கனவு அங்கேயே முடிந்தது. அடுத்து அவர் தேர்ந்தெடுத்தது உயிரியல்.

அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை. அவர் படித்தது பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளி. லத்தீனும் கிரேக்கமும் சொல்லித் தருகிற பள்ளியில் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தால்தான் நெதர்லாந்தில் டாக்டர் பட்டம் வரைக்கும் போக முடியும். செடியைப் பற்றிப் படிக்க லத்தீன் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். விதி என்றால் விதி. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் ஹ்யூகோ டி ஃப்ரீஸ் என்ற பெரிய தாவரவியலாளரிடம் பாடம் படித்தும், பட்டம் கையில் வராது என்ற நிலை.

யோஹன்னா உட்கார்ந்து அழுததாகத் தெரியவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு முதலில் மியூனிக், பிறகு சூரிச். பாசிச் செடிகளைப் பற்றி ஆய்வு செய்து 1906-ல் சூரிச் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்தோடு வெளியே வந்தார். அப்போது அவருக்கு வயது 23.

அதே வருடம் ஆம்ஸ்டர்டாமில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. விலி காமெலின் ஸ்கோல்டன் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் நாற்காலி. இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விலி என்பது ஒரு விஞ்ஞானியின் பெயர் இல்லை, ஒரு மாணவனின் பெயர். தாவர நோய்களில் ஆர்வமாக இருந்த அந்தப் பையன் படிக்கும்போதே இறந்துபோனான். அவன் நினைவாகப் பெற்றோர் பணம் கொடுத்து உருவாக்கியதுதான் அந்த ஆய்வுக்கூடம். அங்கே முதல் இயக்குநராக இருந்தவர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போக, 23 வயதுப் பெண் அந்த இடத்துக்கு வந்தார். உங்களில் பலர் அந்த வயதில் முதல் இன்டர்ன்ஷிப்புக்கு ரெஸ்யூமே தட்டிக்கொண்டிருப்பீர்கள். இவர் பாசியில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, தாவர நோய்களுக்கான ஒரு நிறுவனத்தையே நடத்த ஆரம்பித்தார்.

உறை மோர் மாதிரி ஒரு சேமிப்பு

அடுத்த வருடம், 1907-ல் இன்னொரு பொறுப்பும் வந்து சேர்ந்தது. சர்வதேசத் தாவரவியலாளர் சங்கம் ஒன்று சேர்த்து வைத்திருந்த பூஞ்சைகள், சுமார் 80 வகை. அவற்றை யாராவது உயிரோடு காப்பாற்ற வேண்டும். 

உயிரோடு என்பதுதான் இங்கே விஷயம். காய்ந்த இலையை ஒட்டி வைக்கிற மாதிரி பூஞ்சையை ஒட்டி வைத்தால் ஆராய்ச்சிக்குப் பாதி வேலைதான் ஆகும். கண்ணாடிக் குழாயில் உணவு போட்டு வளர்க்க வேண்டும். உணவு தீர்வதற்குள் ஒரு துளி எடுத்துப் புதுக் குழாயில் விட வேண்டும். வீட்டில் அம்மா தினமும் ஒரு கரண்டி தயிரை எடுத்து வைத்து அடுத்த நாள் பாலுக்கு உறை ஊற்றுவார்களே, அதே வேலை. ஒரு நாள் மறந்தால் வீட்டில் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்ளலாம். இங்கே ஒரு குழாய் செத்தால், சில சமயம் அந்த வகை உலகத்தில் வேறு யாரிடமும் இருக்காது. 

யோஹன்னா இந்த உறை ஊற்றும் வேலையை ஐம்பது வருடத்துக்கு மேல் நடத்தினார். 80-ல் ஆரம்பித்தது அவர் காலத்திலேயே பத்தாயிரத்தைத் தாண்டியது. உலகத்தில் எங்கே யாருக்குப் புதுப் பூஞ்சை கிடைத்தாலும் அவருக்கு ஒரு துளி அனுப்புவதும், தேவைப்பட்டவர்கள் அவரிடம் கேட்டு வாங்குவதும் வழக்கமானது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் நெதர்லாந்தைப் பிடித்து வைத்திருந்தபோது, டெல்ஃப்ட் நகரத்துத் தொழிற்சாலை ஒன்று ரகசியமாகப் பெனிசிலின் தயாரித்தது. அதற்கான பூஞ்சை போனதும் இந்தச் சேமிப்பிலிருந்துதான். அது தனிப் படமாகவே எடுக்கலாம். நாம் மரத்துக்கு வருவோம்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன உலகப் பயணம். 1913-ல் டச்சுக்காரர்கள் ஆண்டுகொண்டிருந்த ஜாவா, சுமத்ரா பக்கம் போனார் யோஹன்னா. வெப்ப நாட்டுப் பயிர்களுக்கு என்னென்ன நோய் வருகிறது என்று பார்க்கிற பயணம். அங்கே இருக்கும்போதே முதல் உலகப் போர் வெடித்துவிட, வந்த வழியே திரும்ப முடியவில்லை. ஜப்பான், அமெரிக்கா என்று உலகத்தையே சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

ஓட்டு இல்லை, பேராசிரியர் பதவி உண்டு

1917 பிப்ரவரியில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தாவர நோயியல் பேராசிரியராகப் பதவியேற்றார். நெதர்லாந்து வரலாற்றில் பேராசிரியரான முதல் பெண் அவர்தான். வயது 34. அன்றைக்கு அந்த நாட்டில் பெண்களுக்கு ஓட்டுரிமையே கிடையாது. அது கிடைத்தது 1919-ல்தான். ஆண் மாணவர்களுக்குப் பாடம் நடத்தலாம், பரீட்சை வைக்கலாம், பட்டத்துக்குக் கையெழுத்துப் போடலாம், தேர்தல் நாளில் மட்டும் வீட்டில் இருக்க வேண்டும்!

1920-ல் ஆய்வுக்கூடம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பார்ன் என்ற அமைதியான ஊருக்கு மாறியது. ஒரு பெரிய பழைய பங்களா. அதன் பெயர் வில்லா ஜாவா! பங்களா என்பதால் கறாரான ஆபீஸ் வாடை அங்கே இல்லை. நன்றாக வேலை பார், நன்றாகக் கொண்டாடு, இரண்டும் சேர்ந்தால்தான் மனசு அழகாகும் என்பது யோஹன்னாவின் கொள்கை. பட்டம் வாங்கினால் விருந்து, பாட்டு, ஆட்டம். ஒர்க்-லைஃப் பேலன்ஸ் என்று இன்றைக்கு ஹெச்.ஆர் மெயில் அனுப்புவதற்கு முன்பே அங்கே அது நடந்துகொண்டிருந்தது.

அவரிடம் ஆய்வு செய்து டாக்டர் பட்டம் பெற்றவர்கள் மொத்தம் 56 பேர். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பெண்கள். 1924 முதல் நெதர்லாந்தில் அரசு வேலையில் இருக்கிற பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் வேலை போய்விடும் என்ற விதி வந்தது. அந்தக் காலத்தில் இந்த எண்ணிக்கை. பெண்களுக்கு வாய்ப்பு கொடுங்கள் என்று மேடை போட்டுப் பேசுவதைவிட, மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வைப்பதுதான் யோஹன்னாவின் ஸ்டைல் என்று எனக்குத் தோன்றுகிறது.

விஷ வாயுவா, வறட்சியா, சாபமா?

இப்போது 1919-க்கு வாருங்கள். முதல் உலகப் போர் முடிந்த நேரம். நெதர்லாந்தின் தெற்குப் பக்கத்தில் எல்ம் மரங்களின் இலை கோடையின் நடுவிலேயே மஞ்சளாகிச் சுருண்டது. முதலில் ஒரு கிளை, பிறகு இன்னொன்று, பிறகு மொத்த மரமும். கிளையை வெட்டிப் பார்த்தால் உள்ளே வளையமாகப் பழுப்புப் புள்ளிகள்.

எல்ம் போனால் போகட்டும், வேறு மரம் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களால் சொல்ல முடியாது. நெதர்லாந்து நகரங்களுக்கு எல்ம் ஒரு வேலைக்கார மரம். உப்புக்காற்று, ஈர மண், புகை, கல் பாவிய தெரு எதையும் தாங்கும். கால்வாய்க் கரை மண்ணை வேர் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் எங்கே பார்த்தாலும் அதையே நட்டார்கள். அதிலும் பெல்கிகா என்ற ஒரே ரகத்தை, விதை போட்டு வளர்க்காமல், ஒரு மரத்திலிருந்து இன்னொன்றாகப் பதியம் போட்டுப் பெருக்கி நட்டார்கள். தெரு முழுக்க ஒரே உயரம், ஒரே வடிவம், பார்க்க அழகு. நோயின் பக்கமிருந்து பார்த்தால், ஒரே சாவியில் திறக்கிற ஆயிரம் வீடுகள்.

காரணம் என்ன என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். போரில் போட்ட விஷ வாயு காற்றில் வந்து மரத்தைக் கொல்கிறது என்றார்கள் சிலர். வறட்சி என்றார்கள் சிலர். பாக்டீரியா என்றார் ஜெர்மனியில் ஒருவர். அரசின் தாவரப் பாதுகாப்புத் துறையில் இருந்த டினா ஸ்பீரன்பர்க் என்ற பெண் எங்கெங்கே மரம் சாகிறது என்று பொறுமையாகச் சேகரித்து 1921-ல் எழுதினார்.

யோஹன்னாவின் மாணவி பெயா ஸ்வார்ட்ஸ், வில்லா ஜாவாவில் அந்தச் செத்த கிளைகளை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 1922-ல் அவர் சமர்ப்பித்த ஆய்வேட்டில் எல்ம் மட்டும் இல்லை, வில்லோ, பீச் மரங்களின் கிளைகள் ஏன் காய்கின்றன என்பதும் இருந்தது. ஆனால் வரலாற்றில் நின்றது எல்ம் பகுதிதான். பழுப்பு வளையத்திலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். நல்ல மரத்தில் செலுத்திப் பார்த்தார். கிராஃபியம் உல்மி என்று பெயர் வைத்தார். கொலைகாரன் இதுதான் என்றார்.

யாரும் நம்பவில்லை. நேற்று பட்டம் வாங்கிய பொண்ணு சொல்வதை எதற்கு நம்ப வேண்டும் என்ற மனசும் இருந்திருக்கும், மற்றவர்கள் செய்து பார்த்தபோது அதே முடிவு தெளிவாக வராததும் காரணம். பெயாவுக்கு நின்று சண்டை போட நேரமில்லை. பட்டம் வாங்கிய கையோடு வேலைக்காகக் கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பல் ஏறிவிட்டார். மரங்கள் செத்துக்கொண்டே இருந்தன.

ஐந்து வருடம் கழித்து வந்த பதில்

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் அடுத்து வருகிறார். கிறிஸ்டின் பைஸ்மான். 1900-ல் பிறந்தவர், யோஹன்னாவின் இன்னொரு மாணவி. பெயா விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லி அவரிடம் வேலை வந்தது. 1927 கோடையில் நல்ல எல்ம் மரங்களுக்குப் பூஞ்சையை ஊசி மூலம் செலுத்தினார். இலை சுருண்டது, கிளை காய்ந்தது, உள்ளே அதே பழுப்பு வளையம். பெயா சொன்னது சரி!

முன்னால் ஏன் சிலருக்கு வரவில்லை? மரத்துக்கு ஒரு பருவம் இருக்கிறது. கோடைத் தொடக்கத்தில், புதுக் கட்டை வேகமாக உருவாகும் சமயத்தில் பூஞ்சை உள்ளே போனால்தான் மரம் விழும். பருவம் தப்பிப் போட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இந்தக் காலக்கணக்கைப் பிடித்ததுதான் கிறிஸ்டினின் கெட்டிக்காரத்தனம்.

சரி, பூஞ்சை எப்படி மரம் விட்டு மரம் தாவுகிறது? பட்டைக்கு அடியில் வாழும் சின்ன வண்டுகள்தான் வாகனம். சாகப்போகிற எல்மின் பட்டைக்குள் தாய் வண்டு சுரங்கம் தோண்டி முட்டை இடும். அந்தச் சுரங்கத்தில் பூஞ்சை பிசுபிசுவென்று வளரும். குஞ்சுகள் வளர்ந்து வெளியே பறக்கும்போது உடம்பெல்லாம் அந்தப் பிசின். நேராக ஒரு நல்ல மரத்துக்குப் போய் இளம் கிளைகளின் கவட்டையைக் கடித்துத் தின்னும். கடித்த இடம் வழியாகப் பூஞ்சை மரத்தின் தண்ணீர்க் குழாய்களுக்குள் இறங்கும். மரம் பதறிப்போய், பரவாமல் தடுக்கத் தன் குழாய்களையே பசை வைத்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் மேலே ஏறாது. காலுக்குக் கீழே கால்வாய் ஓட, தாகத்தில் சாகும் மரம். போதாக்குறைக்கு, அடுத்தடுத்து நிற்கும் எல்ம்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒட்டிக்கொள்ளும். அந்த வழியாகவும் நோய் போய்விடும்.

உலகம் இதற்கு டச்சு எல்ம் நோய் என்று பெயர் வைத்தது. நெதர்லாந்தில் பிறந்த நோய் என்று நினைத்துவிடாதீர்கள். நோயைக் கண்டுபிடித்தவர்கள் டச்சுக்காரர்கள் என்பதால் வந்த பெயர். உழைத்ததற்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள், ஊர் பெயரில் ஒரு நோய்! ஐரோப்பிய எல்ம் மரக்கட்டைகளோடு இது அமெரிக்காவுக்கும் போனது. 1930-ல் ஒஹையோவில் சாகும் மரங்களில் இருப்பது இதே பூஞ்சைதான் என்று உறுதியானதிலும் கிறிஸ்டினுக்குப் பங்கு உண்டு.

மருந்து இல்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. உள்ளே பூஞ்சை போய்விட்டால் மரத்தை வெட்டுவதுதான் வழி. அப்படியானால் நோய் தாங்குகிற எல்ம் எங்கேயாவது இருக்குமா? 1930-ல் இதற்காகவே நெதர்லாந்தில் ஒரு குழு அமைத்தார்கள். பல நாடுகளிலிருந்து எல்ம் விதைகளை வரவழைத்தார்கள். கன்றுகளை வளர்த்து, வேண்டுமென்றே பூஞ்சையை ஏற்றினார்கள். ஒவ்வொன்றாகச் செத்தது. சாகாமல் நின்ற கன்றுகளைத் தனியே எடுத்து மறுபடியும் பூஞ்சை ஏற்றினார்கள். வருடக்கணக்கில் இதே வேலை. ஸ்பெயினிலிருந்து வந்த விதையில் முளைத்த ஒரு கன்று தாக்குப்பிடித்து நின்றது.

1936 மார்ச்சில் கிறிஸ்டின் ஒரு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார். 36 வயது நிறைந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. தாக்குப்பிடித்த அந்த எல்முக்கு அவர் பெயரையே வைத்து வெளியிட்டார்கள். நிஜ வாழ்க்கை சினிமா இல்லை. கிறிஸ்டின் பைஸ்மான் எல்முக்கு வேறொரு பூஞ்சை நோய் பிடித்தது, எதிர்பார்த்த அளவுக்குப் போகவில்லை. 1940-களின் கடைசியில் அடுத்த ரகம் வந்தது. அதற்கு வைத்த பெயர் பெயா ஸ்வார்ட்ஸ்.

பெயாவின் நடுக்காலம் கொடுமையானது. கிழக்கிந்தியத் தீவுகளில் ஜப்பானியர்களின் முகாமில் அடைபட்டார், கணவரையும் இழந்தார். போர் முடிந்து திரும்பியவருக்குப் பார்னில் யோஹன்னாவின் பூஞ்சைச் சேமிப்பில் மறுபடியும் ஒரு மேஜை கிடைத்தது.

டினா, பெயா, கிறிஸ்டின், யோஹன்னா என்று தொடங்கி மொத்தம் ஏழு டச்சுப் பெண்கள் இந்த நோயின் ஆரம்ப கால ஆராய்ச்சியைச் சுமந்திருக்கிறார்கள். யோஹன்னா எல்லா ஆய்வுக்கும் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டவர் இல்லை. எல்ம் ஆய்வுகள் மாணவிகளின் பெயரில்தான் வந்தன. தலைப்பைக் கொடுத்தது, இடம் கொடுத்தது, வெளியே நம்பாதபோது இன்னொருவரை அனுப்பி மறுபடியும் செய்து பார்க்கச் சொன்னது, இவை அவர் வேலை. ஆய்வுத் துறையில் பேப்பரில் யார் பெயர் என்ற சண்டையைக் கேள்விப்பட்டவர்களுக்கு இதன் அருமை புரியும்.

யோஹன்னா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1930-களில் பல்கலைக்கழகப் பெண்களின் சர்வதேசக் கூட்டமைப்புக்குத் தலைவராகவும் இருந்தார். 1952-ல் பேராசிரியர் பதவியிலிருந்தும், 1958-ல் பூஞ்சைச் சேமிப்பின் தலைமையிலிருந்தும் ஓய்வு பெற்றார். 1961 நவம்பரில், 78 வயதில் பார்னில் இறந்தார்.

நோய் ஓய்வு பெறவில்லை!

1960-களின் கடைசியிலிருந்து இன்னும் மூர்க்கமான பூஞ்சை ஒன்று ஐரோப்பாவில் பரவியது. பிரிட்டனில் மட்டும் இரண்டரைக் கோடிக்கும் மேல் எல்ம் மரங்கள் போயின. யோஹன்னா காலத்தில் தேர்ந்தெடுத்த ரகங்களில் சில இந்தப் புதுப் பூஞ்சையிடம் தோற்றன. 1960-களில் காமெலின் என்ற பெயரில் வந்த ரகமும் அதில் ஒன்று. ஆமாம், அந்த மாணவன் விலியின் பெயரிலும் வருகிற அதே காமெலின்தான். தேடல் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. பின்னால் வந்த கொலுமெல்லா மாதிரி ரகங்கள் இப்போது தெருக்களில் தாக்குப்பிடித்து நிற்கின்றன.

பழைய மரங்களை என்ன செய்வது? கோடையில் ஆம்ஸ்டர்டாம் மாநகராட்சி ஆட்கள் தெருத்தெருவாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே போவார்கள். ஒரு கிளை மஞ்சளானாலும் சோதனை. நோய் உறுதியானால் அந்த மரத்தை உடனே வெட்டி அப்புறப்படுத்திவிடுவார்கள். பட்டை உரிக்காத எல்ம் கட்டையை வைத்திருப்பதற்கே தடை உண்டு. வண்டு அதில்தானே குட்டி போடும்! அரிதான, வயசான மரங்களுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது. வெர்டிசிலியம் என்ற இன்னொரு பூஞ்சையின் பலவீனமான வகை ஒன்றை, வசந்தத்தில் அடிமரத்தைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக ஊசியில் ஏற்றுவார்கள். மரம் உஷாராகித் தன் பாதுகாப்பைத் தயார் செய்துகொள்ளும், அப்புறம் நிஜ நோய் வந்தால் சமாளிக்கும். ஏற்கெனவே நோய் வந்த மரத்தை இது குணப்படுத்தாது. வேர் வழியாக வருவதையும் தடுக்காது.

யோஹன்னா 80 குழாய்களோடு ஆரம்பித்த சேமிப்பு இன்றைக்கு உட்ரெக்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பூஞ்சைகளோடு இருக்கிறது. முதல் பெண் பேராசிரியர் வந்து நூறு வருடம் ஆன 2017-ல் அந்த நிறுவனத்துக்கு வெஸ்டர்டைக் என்று பெயர் மாற்றினார்கள். கூடுதலாக 100 பெண் பேராசிரியர்களை நியமிக்க நெதர்லாந்து அரசும் அவர் பெயரில் பணம் ஒதுக்கியது.

அந்தத் தடுப்பூசிப் பூஞ்சைக்கு ஒரு குறியீட்டு எண் உண்டு, டபிள்யூசிஎஸ் 850. முதல் மூன்று எழுத்தும் விலி காமெலின் ஸ்கோல்டனின் சுருக்கம், அந்த ஆய்வுக்கூடம்தான். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு வசந்தத்திலும், ஒவ்வொரு மரத்துக்கும் மறுபடியும் போட வேண்டும்.